துரையின் மூக்கில் திரும்பிய ஈரம்

போன மாதம் ஒருநாள் காலையில் காயத்ரி போன் செய்தாள். மலையூரான தானா ராத்தாவில் நான் வேலை பார்த்த நாய் பூனை கிளினிக்கில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள் அவள்.

"அக்கா, இப்பல்லாம் நாய் மூக்குக்குன்னே சின்ன டப்பாவுல களிம்பு விக்கிறாங்க. தேன் வாசனை, லாவெண்டர் வாசனைன்னு விதவிதமா வந்திருக்கு. கவுண்டர்ல அடுக்கி வச்சிருக்கோம். மூக்கு வெடிச்சிருக்கு, எது நல்லதுன்னு போன் பண்ணி கேக்குறாங்க லா. நான் எதைச் சொல்றது?"

"ரெண்டு பக்கமும் வெடிச்சிருக்கா, ஒரு பக்கம் மட்டுமான்னு முதல்ல கேளு."

"அது எதுக்குக்கா?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவளுக்கு ஆள் வந்துவிட்டது. "அப்புறம் கூப்பிடுறேன்கா" என்று வைத்துவிட்டாள். எனக்கு மட்டும் பேச்சு நிற்கவில்லை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்க, துரை என்ற நாயின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டினார். பள்ளிக்கூடம் முடிந்து கொஞ்ச காலம் கொழுந்து எடுத்தேன், கொஞ்ச காலம் கியா பார்ம் பக்கத்துப் பூந்தோட்டத்தில் பூக்கட்டு கட்டினேன். பிறகு கிளினிக்கில் கூண்டு கழுவ ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். கூண்டு கழுவுவதிலிருந்து நாயைப் பிடித்துக்கொள்வது, பிடிப்பதிலிருந்து கட்டுப் போடுவது, அங்கிருந்து ஊசிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது என்று வேலை ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ஜமீலா. தானா ராத்தாவில் அவருடைய அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மகள் படித்துவிட்டு வந்து, அந்தக் கடையிலிருந்து நாலு வாசல் தள்ளி கிளினிக் திறந்தார்.

டாக்டரின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அறைக்குள் வந்ததும் அவர் நாயைப் பார்க்க மாட்டார். ஒரு தாழ்வான முக்காலியைப் போட்டு, நாய்க்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அதைக் கொண்டுவந்தவரிடம் மழையைப் பற்றியோ காய்கறி விலையைப் பற்றியோ பேசுவார். கை மட்டும் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கும். நாய் வந்து அந்தக் கையை முகர்ந்து முடிக்கும் வரை பேச்சு ஓடும். முகர்ந்த பிறகுதான் திரும்பி, "என்ன ஐயா, எப்படி இருக்கீங்க?" என்பார். எந்த நாயையும் அவர் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் கையுறை போட்டுத்தான் நாயைத் தொடுவார். நாயின் ஈரம் தோலில் பட்டுவிட்டால், அவருடைய மார்க்கத்தில் சொல்லியிருக்கிறபடி, மண் கலந்த நீரில் ஒரு தரமும் நல்ல நீரில் ஆறு தரமும் கழுவுவார். அதற்காக கைகழுவும் தொட்டியின் பக்கத்தில் ஒரு பழைய மைலோ பானத்தூள் டின்னில் சுத்தமான மண் இருக்கும். ஒருமுறை ஒருவர், "இவ்வளவு கஷ்டம் இருக்கே டாக்டர், பூனை மட்டும் பாத்தா போதாதா?" என்று கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. "கழுவிக்கிறதுக்கு வழி சொல்லியிருக்கு. வலியோட வர்றதைத் திருப்பி அனுப்புன்னு எங்கயும் சொல்லல" என்றார்.

மலையில் நாய்களுக்கு மூக்கு காய்வது சாதாரணம். குளிர்காற்று, வெயிலில் படுப்பது, விறகடுப்புக்குப் பக்கத்திலேயே தூங்குவது, இப்படிப் பல காரணம். கோலா தெர்லா பக்கம் காய்கறித் தோட்டத்து நாய்களுக்கு மருந்து தெளித்த இலையில் மூக்கை உரசி வெந்துபோவதும் உண்டு. பிளாஸ்டிக் தட்டில் தின்று தின்று மூக்கின் கறுப்பே வெளுத்துப்போன நாயைப் பார்த்திருக்கிறேன். தட்டை மாற்றினோம், கறுப்பு திரும்பியது.

வெறும் வறட்சிதான் என்று டாக்டர் சொன்னால் அதற்கு ஒரு முறை இருந்தது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூச்சுத் துளையை மூடாமல் மூக்கின் மேல் வைக்க வேண்டும். துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். பொருக்கு தானாக இளகும். இளகியதை மட்டும் துணியோடு எடுக்கலாம். நகத்தால் பெயர்க்கவே கூடாது, கீழே பச்சைப் புண் இருக்கும். பிறகு வாசனை எதுவும் சேராத வாசலினை விரல்நுனியில் எடுத்து, கண்ணாடியில் மூச்சு படிந்த மாதிரி மெல்லிசாகத் தடவ வேண்டும். நாய் உடனே நக்கும். அதனால் வயிற்றுக்குள் போகக்கூடாத எதையும் அங்கே தடவக் கூடாது. தடவியதும் நெஞ்சைச் சொறிந்துகொண்டே கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் நக்குவதை மறந்துவிடும். கடைசி வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனையோ நாய்களிடம் என் வீட்டுக் கதையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

துரை வந்தது ஒரு மழைக்காலத்தில். அதன் சொந்தக்காரி அஞ்சலை அக்கா, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கணவர் இறந்துவிட்டார், மகள் ஈப்போவில் குடும்பமாக இருந்தாள். லயத்தில் அக்காவும் துரையும் மட்டும்தான். குட்டியாக இருந்தபோது, வேலைக்குப் போகிறவர்களை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருக்குமாம். காலையில் ஆள் கணக்குப் பார்த்துப் பெரட்டு எடுக்கிற தோட்டத்துத் துரை மாதிரியே இருக்கிறது என்று கங்காணி சிரித்ததில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. செம்பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும்.

தோட்டத்து லோரியில் வந்து இறங்கிய துரையின் மூக்கு முழுக்க மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசியிருந்தது. அஞ்சலை அக்காவின் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் தங்கச்சி. ஆற மாட்டேங்குது" என்றார்.

வெந்நீர்த் துணியால் மஞ்சளைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க என் கை மெதுவானது. மூக்கின் இடது பாதி கறுப்பாக, ஈரமாக, நாவல்பழம் போலப் பளபளத்தது. வலது பாதி சாம்பல் நிறத்தில், நாள்பட்ட சோப்புக் கட்டி மாதிரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. துளைக்குள்ளேயும் பொருக்கு அடைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில், மூக்கின் நடுக்கோட்டில், அளவுகோல் வைத்துப் பிரித்த மாதிரி எல்லை. காற்றும் வெயிலும் அப்படிப் பாதி பாதியாகப் பிரித்து அடிக்காது என்று எனக்குத் தோன்றியது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார், வழக்கம்போல மழையைப் பற்றிப் பேசினார், துரை அவர் கையை முகர்ந்தது. பிறகு திரும்பி மூக்கின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். அலமாரியிலிருந்து மெல்லிய காகிதத் துண்டுகள் இரண்டை எடுக்கச் சொன்னார். கண்ணீரை அளக்கும் காகிதம் அது. நனைய நனைய அதிலுள்ள அளவுக்கோடுகளில் நீலம் ஏறும். ஒவ்வொரு கண்ணின் கீழ் இமைக்குள்ளும் ஒன்றைச் செருகினார். நான் துரையின் தாடையைத் தாங்கிக்கொண்டேன். இடது பக்கக் காகிதத்தில் நீலம் சரசரவென்று ஏறியது. வலது பக்கத்தில் ஏறவே இல்லை. காகிதம் போட்டபடியே வெள்ளையாக நின்றது.

"மூக்கு மட்டும் இல்ல சரோஜா, அந்தப் பக்கத்துக் கண்ணும் காஞ்சிருக்கு" என்றார் டாக்டர். பிறகு குனிந்து, மடிந்திருந்த வலது காதைத் தூக்கி முகர்ந்தார். முகம் மாறியது. விளக்கை வைத்து உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, இவர் தலையை ஒரு பக்கமா சாய்ச்சு நடந்தாரா?"

"ஆமா டாக்டர், கொஞ்ச நாளைக்கு முன்ன. குளிருக்குத்தான்னு நெனச்சேன்."

"காதுக்கு உள்ள, ஆழத்துல, சீழ் பிடிச்சிருக்கு. கண்ணுக்கும் மூக்குக்கும் ஈரம் கொடுன்னு சொல்ற நரம்பு, மூளையிலிருந்து வர்ற வழியில காதை ஒட்டித்தான் போகுது. அங்க அது கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன். அதான் அந்தப் பக்கம் மட்டும் தண்ணி நின்னுபோச்சு. மேல என்ன தடவினாலும் ஆறாது."

நான் அதுவரை எத்தனை நாய் மூக்கைத் துடைத்திருப்பேன்! அந்த ஈரம் நாக்கால் நக்குவதால் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். மூளையில் தொடங்கி, எலும்புக்குள் ஒரு மயிரிழை நரம்பாக நுழைந்து, காதைச் சுற்றி, கண்ணைத் தொட்டு, மூக்குக்கு வந்து சேரும் ஓர் ஊற்று அது என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் அஞ்சலை அக்காவின் பக்கம் திரும்பினார். "நெத்தியில என்னக்கா?"

"அதை ஏன் கேக்குறீங்க. மலையில மயங்கி விழுந்துட்டேன். எனக்கு இனிப்புநீர் இருக்குல்ல, இன்சுலின் போட்டுக்கறேன். ரத்தத்துல சீனி ரொம்ப இறங்கிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. கங்காணி பாத்துத் தூக்கிட்டு வரலன்னா அந்தச் சரிவுலயே போயிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, துரையின் முதுகைத் தடவினார். "இத்தனை வருஷத்துல ஒரு தரம்கூட விழுந்ததில்ல டாக்டர். இவனும் நோவு வந்ததுலேர்ந்து மந்தமாயிட்டான். முன்னெல்லாம் என்னை நிம்மதியா வேலை செய்ய விடமாட்டான். கிட்ட வந்து மோந்து மோந்து பாப்பான், காலைப் பிராண்டுவான், பாவாடையைப் புடிச்சு இழுப்பான். இவன் தொல்லை தாங்காம உக்காந்து சீனி போட்டு மைலோ குடிச்சுட்டு எந்திரிப்பேன். அப்புறம்தான் விடுவான்."

டாக்டரின் கை துரையின் தலைமேல் அப்படியே நின்றது.

"தொல்லை பண்ணும்போது உங்களுக்கு எப்படிக்கா இருக்கும்? கை நடுங்குமா, வேர்க்குமா?"

"அப்ப ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் விட்டா நடுக்கம் வரும். நான் முன்னாடியே மைலோ குடிச்சிருவேன்ல..."

சொல்லிக்கொண்டே வந்த அஞ்சலை அக்கா பாதியில் துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"சீனி இறங்கினா உடம்பு வாசனை மாறும்னு சொல்றாங்க. சில நாய்ங்க அதைக் கண்டுபிடிக்கும்னு படிச்சிருக்கேன். நேர்ல பாத்ததில்ல" என்றார் டாக்டர். "இப்ப ஏன் நிறுத்திட்டார்? மூக்கு காஞ்சதாலயா, காது வலியில எதையும் கவனிக்க முடியலையா, எனக்குத் தெரியாதுக்கா. நெசமாவே தெரியாது. ஆனா ஆஸ்பத்திரியில சொல்லி மெஷின் வாங்கிக்குங்க. வேலைக்குப் போறதுக்கு முன்ன விரல்ல குத்திப் பாருங்க. இவரை நம்பி இருக்காதீங்க."

"இவன் சரியாயிருவானா டாக்டர்?"

"காது ஆறும். நரம்பு திரும்புமான்னு சொல்ல முடியாது. ஈரம் வரலாம், வராமலும் போகலாம். முயற்சி பண்ணுவோம்."

சிகிச்சை இப்படி இருந்தது. காதுக்கு மாத்திரை. வலது கண்ணுக்குக் கண்ணீர் போன்ற பசை. மூக்குக்கு வெந்நீர்த் துணியும் வாசலினும். அதோடு, நின்றுபோன நரம்புக்குப் பதிலாகச் சுரப்பியைத் தட்டி எழுப்ப ஒரு மருந்து. அது கண்ணில் அழுத்தம் உள்ள மனிதர்களுக்கு விடும் சொட்டு மருந்து. டாக்டர் அதைச் சோற்றில் கலந்து கொடுக்கச் சொன்னார். குறைவாகத் தொடங்கிச் சொட்டுச் சொட்டாகக் கூட்ட வேண்டும். அளவு மிஞ்சினால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், நெஞ்சுத் துடிப்பே தடுமாறலாம். "என்னைக் கேக்காம ஒரு சொட்டுகூட ஏத்தக் கூடாது" என்று எங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அஞ்சலை அக்காவின் லயம் நான் வீட்டுக்குப் போகும் வழியில்தான். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்துவேன். துரை வாசலில் இருக்கும். என் பையைப் பார்த்ததும் சோர்ந்துபோய்த் தலையைத் தொங்கப்போடும், ஆனால் ஓடாது. சாடின் மீன் கலந்த சோற்று உருண்டைக்குள் மருந்தை வைப்போம். அக்கா உருண்டையைக் கொடுக்க, நான் துணியை நனைப்பேன். மூக்கின் மேல் துணியை வைத்ததும் அதன் உடம்பு முழுக்கத் தளரும். கண் சொருகும். வலித்த இடத்தில் வெதுவெதுப்பு படும்போது மனிதருக்கும் நாய்க்கும் வித்தியாசம் இல்லை.

காது சீக்கிரமே தெளிந்தது. மூக்கு அப்படியே இருந்தது. வாரங்கள் போயின. சொட்டு கூடியது. ஒருநாள் போனபோது துரை வாந்தி எடுத்துக் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. அஞ்சலை அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வேணாம் சரோ, மூக்கு எப்படியோ போகட்டும், உயிரோட இருந்தா போதும் லா" என்று அழுதார். டாக்டருக்கு போன் செய்தேன். கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்றவர் அப்படியே கார் எடுத்து வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "துடிப்பு நல்லா இருக்கு. இன்னைக்கும் நாளைக்கும் கொடுக்க வேணாம். அப்புறம் ஒரு சொட்டு குறைச்சுக் கொடுக்கலாம். இவர் உடம்பு தாங்குற எல்லை எதுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றார்.

அந்தக் குறைந்த அளவிலேயே கொடுத்து வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூடுபனி லயத்து வாசல் வரை வந்து நின்றிருந்தது. துணியை நனைத்து எடுத்து, துரையின் முகத்தைத் தூக்கினேன். வலது மூக்குத் துளையின் ஓரத்தில் ஏதோ மின்னியது.

நக்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். நாக்கு வெளியே வராதபடி வாயை மெதுவாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, இங்க வாங்க" என்றேன். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு துளையின் உட்சுவரில், ஊசிமுனை அளவில் ஒரு துளி. அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பெரிதாகி, விளிம்பைத் தாண்டி, மூக்கின் மேலிருந்த நுண்ணிய வரிகளுக்குள் இறங்கின. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டது போல அது ஒவ்வொரு வரியாகப் பிரிந்து பரவியது. சாம்பல் நிறத்தில் கிடந்த தோல், ஈரம் போன வழியெல்லாம் கறுத்தது.

கண்ணுக்கு முன்னால் ஊற்று பிறப்பதை நான் பார்த்தேன். எத்தனையோ குட்டிகள் பிறப்பதைப் பார்த்தவள்தான் நான். அன்றோ நனைத்த துணி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா கைகூப்பினார். யாரைப் பார்த்துக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

பொருக்கு உதிர்ந்து தோல் முழுசாக ஆற இன்னும் நாள் பிடித்தது. மருந்தைப் பல மாதம் கொடுத்து, பிறகு டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு சொட்டாகக் குறைத்து நிறுத்தினோம். ஈரம் நின்றுவிடவில்லை. வலது பக்கம் எப்போதும் இடதைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. துரை அதற்குப் பிறகு நெடுநாள் வாழ்ந்து, கிழடாகி, அஞ்சலை அக்காவின் காலடியிலேயே போய்ச் சேர்ந்தது. அக்கா மறுபடி ஒருமுறையும் மயங்கி விழவில்லை. ஆனால் நான் சொல்ல நினைத்தது இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஈரம் திரும்பிய அந்தச் சமயத்தில், கிளினிக்கில் நடந்த ஒன்றை.

அன்று துரையின் கண்ணீரை மறுபடி அளந்தோம். வலது காகிதத்திலும் நீலம் ஏறியது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். துரை மேசைக்குக் கீழே படுத்துவிட்டது. டாக்டரும் அஞ்சலை அக்காவும் மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று துரை எழுந்தது. அக்காவின் கையை முகர்ந்தது. முன்னங்கால்களை அவர் மடியில் வைத்து ஏறி, வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தது. கீழே இறங்கி முழங்காலைப் பிராண்டியது. முனகியது. மறுபடி பிராண்டியது.

"ச்சீ, சும்மா இருடா. டாக்டர் பேசிட்டிருக்காங்கல்ல" என்று அக்கா அதைத் தள்ளினார்.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். "அக்கா, பசியாறிட்டீங்களா?"

"ஊசி போட்டுட்டுக் கிளம்பினேன். லோரி சீக்கிரம் வந்துருச்சு. தே-ஓ மட்டும் குடிச்சேன், பாலும் இல்லாம சீனியும் இல்லாம. நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்."

"மெஷின் இருக்கா?"

பையில் இருந்தது. நான்தான் விரலில் குத்தினேன். அக்காவுக்குக் கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை, பேச்சு குழறவில்லை. ஆனால் எண் மிகவும் குறைவாக வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரோஜா, கடைக்கு ஓடுங்க. அப்பாகிட்ட சொல்லி நல்லா சீனி போட்டு தே வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்."

நான் கோப்பையோடு திரும்பி வந்தபோது அக்காவின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. கோப்பையை அவரால் தனியாகப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். துரை அவர் இரண்டு கால்களுக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

குடித்த பிறகு கொஞ்சம் பொறுத்து மறுபடி அளக்க வேண்டும். காத்திருந்தோம். துரை இடைவிடாமல் அக்காவின் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே இருந்தது. கறுத்து ஈரமாக இருந்த மூக்கின் இரண்டு துளைகளும் திறந்து மூடின. பிறகு அது நிறுத்தியது. ஒரு பெருமூச்சு விட்டு, அக்காவின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடியது.

"இப்பக் குத்துங்க" என்றார் டாக்டர், மெல்லிய குரலில்.

குத்தினேன். எண் ஏறியிருந்தது.

அஞ்சலை அக்கா துரையின் தலையில் கையை வைத்தார். "நாந்தான் இவனுக்குச் சோறு போட்டு வளக்குறேன்னு நெனச்சிட்டிருந்தேன் டாக்டர்" என்றார்.

டாக்டர் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். வெளியே பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள், ஒரு பூனை கத்திக்கொண்டிருந்தது.

"அடுத்த ஆளை வரச் சொல்லவா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருங்க சரோஜா" என்றார் அவர், தூங்குகிற நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல்.